தமிழ் இணையக் காணொளி நிகழ்ச்சிகள்

திரைப்பட நிறுவனமோ தொலைக்காட்சி நிலையமோ பின்னால் இல்லாமல், சிறு குழுக்கள் தாமே எடுத்துப் பெரும்பாலும் யூடியூபில் தொடர்ந்து வெளியிடும் நிகழ்ச்சிகள். நகைச்சுவைத் துணுக்கு, தொடர்கதை, சமையல், மீன்பிடி, பயணம் என்று இவை பலவகைப்படும். முதலில் கல்லூரி மாணவரும் மென்பொருள் அலுவலகத்தாரும் மட்டுமே பார்த்துவந்த இவை, பத்தாண்டுக்குள் நெடுந்தொடர் ஓடும் வீடுகளின் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. மலிவான இணையமே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். நிகழ்ச்சிகளின் பேச்சும் ஊரும் மாறியது மறுபாதி.

யூடியூப் தன் இந்தியப் பதிப்பை 2008இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு கலைஞர் தொலைக்காட்சியில் வந்த ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி, கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் முதலியோரை அடையாளம் காட்டியது. தொலைக்காட்சியில் ஒருமுறை ஓடி மறையவேண்டிய குறும்படங்களை இணையம் பிடித்துவைத்துக்கொண்டது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ யூடியூபில் கைமாறிக் கைமாறிப் பரவி, 2012இல் அதே பெயரில் சித்தார்த், அமலா பால் நடித்த திரைப்படமாயிற்று. ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’யும் குறும்படமாகத் தொடங்கி 2014இல் திரையரங்கை எட்டியது. ஆயினும் இக்காலத்தை இணைய நிகழ்ச்சியின் காலம் என்று சொல்வது மிகை. எடுத்தவர்களின் கண் தயாரிப்பாளர் மேல் இருந்தது. யூடியூப் அவர்களுக்கு முகவரிச் சீட்டாகப் பயன்பட்டது. பார்வையாளர் தற்செயலாக வந்தவர்கள்.

தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தும் சேனல்கள் அதன் பின்னரே தோன்றின. பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்த ‘புட் சட்னி’, ‘டெம்பிள் மங்கீஸ்’ முதலியவை தொடக்கக்காலப் பெயர்கள். இந்தியில் டிவிஎஃப் குழு 2014இல் ‘பர்மனன்ட் ரூம்மேட்ஸ்’ தொடரை விளம்பரம் தந்த நிறுவனத்தின் பணத்தில் எடுத்து வழிகாட்டியிருந்தது. சென்னைச் சேனல்களின் பகடி கூர்மையானது. ஆனால் அதை ரசிக்க ஆங்கிலமும் அமெரிக்கத் தொடர்களும் ஓரளவு பழகியிருக்கவேண்டும். திண்டிவனத்தில் பேருந்துக்கு நிற்பவரை மனத்தில் வைத்து அவை எடுக்கப்படவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசி இணையச் சேவை வந்தது. 2017 மார்ச் வரை டேட்டா இலவசம். மெகாபைட்டை எண்ணி எண்ணிச் செலவிட்டவர்கள் அரைமணி நேரக் காணொளியைத் தயங்காமல் திறந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சரியாகப் பிடித்தது ‘மெட்ராஸ் சென்ட்ரல்’ சேனலில் கோபியும் சுதாகரும் நடத்திய ‘பரிதாபங்கள்’. இருவரே எல்லா வேடமும் கட்டுவார்கள். தலையில் துண்டைப் போட்டால் அம்மா, கண்ணாடி மாட்டினால் வாத்தியார். பள்ளி, விடுதி, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என எல்லோரும் பட்டு அறிந்த இடங்களே களம். தொலைக்காட்சியின் பலகுரல் நிகழ்ச்சிகளும் ஊர்த் திருவிழா மேடைகளும் இந்தச் சிரிப்புக்கு முன்பே ஆளைப் பழக்கி வைத்திருந்தன. பண்பலை வானொலியிலிருந்து வந்த ஆர்ஜே விக்னேஷ்காந்த் ‘ஸ்மைல் சேட்டை’யிலும் பின்னர் ‘பிளாக் ஷீப்’பிலும் இதே வாசலைத்தான் தட்டினார்.

கோயம்புத்தூரின் ‘நக்கலைட்ஸ்’ ஒருபடி மேலே போனது. அரசியல் நையாண்டியில் பெயரெடுத்த இக்குழு, ‘அம்மா அலப்பறைகள்’ வழியே கொங்குப் பேச்சையும் நடுத்தரக் குடும்பத்தின் காசுக் கணக்கையும் கொண்டுவந்தது. மகன் கைப்பேசியில் பார்த்ததை அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த இடம் இது. வெகுமக்களை இணைய நிகழ்ச்சிக்கு இழுத்தது எது என்று ஒரே ஒரு சான்று கேட்டால், இக்கட்டுரையாளர் காட்டுவது இதைத்தான்.

வருமான விதியும் உள்ளடக்கத்தை வளைத்தது. 2018 தொடக்கத்தில் யூடியூப், 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் உள்ள சேனலுக்கே விளம்பரப் பங்கு என்று அறிவித்தது. நீண்ட காணொளிகளில் விளம்பர வருவாயின் 55 விழுக்காடு எடுத்தவருக்கு. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பர விலை மாறும். மொழி தெரியாதவரும் பார்க்கக்கூடிய நிகழ்ச்சிக்கு இதனால் தனி மதிப்பு உண்டாயிற்று.

அந்த மதிப்பை முழுதாக அறுவடை செய்தது, புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. கல்யாண வீடுகளில் சமைத்துப் பழகிய பெரியதம்பித் தாத்தாவும் அவர் பேரன்மாரும்தான் குழு. வயல்வெளி, அம்மி, விறகடுப்பு, பெரிய அண்டா. போடும் பொருளின் பெயரை உரக்கக் கூவிக் கொட்டுவது. கடைசியில் முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பந்தி. கதை இல்லை, தொகுப்பாளர் இல்லை. ஊர்ச்சோறு ஆக்கும் காட்சி தமிழனுக்குப் புதிதல்ல என்பதே அதன் பலம். பிற நாட்டாருக்கு அது முற்றிலும் புதிது என்பது இரண்டாவது பலம். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். தலைவரைத் தேடி நிகழ்ச்சி போன காலம் மாறி, நிகழ்ச்சியைத் தேடித் தலைவர் வந்தார். அவ்வாண்டு ஜூலையில் 1 கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ்ச் சேனலானதும், முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022இல் ‘விக்ரம்’ படத்தில் அவர்களாகவே தோன்றினார்கள்.

கடற்கரையின் கதை வேறு. சோழமண்டலக் கரையில் இணையச் செய்தி முதலில் கேட்டது ஒலிபெருக்கியில். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய அறிவு மையத் திட்டத்தில், புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தைத் தமிழில் மீனவருக்கு அறிவித்தார்கள். இருபதாண்டு கழித்து மீனவரே கேமரா பிடித்தனர். ‘தூத்துக்குடி மீனவன்’, இராமநாதபுரம் மாவட்டத்து ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ ஆகியவை வலை இழுப்பதையும் மீன் இனங்களையும் கரையில் இருப்போருக்குக் காட்டிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தன.

வீராம்பட்டினத்துக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து அந்த அளவுக்குப் பெயர்பெற்ற நிகழ்ச்சி எழவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவோர் வெள்ளைக் குவியலைப் படம்பிடிக்கிறார்கள். பாத்தியில் உப்பு வாருபவர் படத்துக்குள் நிற்கிறார், படம் எடுப்பதில்லை. கடலில் வலை ஒவ்வொரு நாளும் வேறொன்றைக் கொண்டுவரும், அடுத்து என்ன வரும் என்ற ஆவல் தானே பிறக்கும். உப்பளத்தில் நேற்றைய வேலையே இன்றைய வேலை. அதுவும் கூலி வேலை. வரப்பில் நின்று கேமராவோடு பேச நேரம் கொடுப்பவர் யார்?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் குறுங்காணொளிச் செயலி இந்தியாவில் தடைசெய்யப்பட்டதும் அதன் கூட்டம் யூடியூபுக்கு இடம்பெயர்ந்தது. அந்த செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் சோதனைப் பதிப்பு இந்தியாவில்தான் முதலில் வந்தது. அப்படி இடம்பெயர்ந்தவர்களில் ஒருவரான, தனக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துப் புகழ்பெற்ற உடன்குடி ஜி. பி. முத்து, 2022இல் விஜய் டிவியின் ‘பிக் பாஸ்’ ஆறாம் பருவத்தில் முதல் ஆளாக நுழைந்து, சில நாளில் தாமே வெளியேறினார்.

திரையரங்குக்குப் போன பாதை இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. சிவகார்த்திகேயன் தயாரித்த ‘நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா’ (2019), விக்னேஷ்காந்த் போன்ற இணைய முகங்களையும் தொலைக்காட்சியின் ரியோ ராஜையும் நம்பியது. துணுக்குகளைக் கோத்த தொகுப்பாகவே நின்றது. 2025 ஜனவரி 24 அன்று வெளியான ‘குடும்பஸ்தன்’ அந்தத் தவறைச் செய்யவில்லை. நக்கலைட்ஸ் குழுவின் ராஜேஷ்வர் காளிசாமி இயக்க, மணிகண்டன் வேலை இழந்ததை வீட்டில் மறைக்கும் கணவனாக நடித்தார். யூடியூபில் அதே வீட்டை, அதே பேச்சை முன்பே பார்த்திருந்தவர்கள் இம்முறை சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.