தொட்டியும் கல்லாவும்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளுயர எஃகுத் தொட்டிகள். இந்தப் பக்கம் மேசை, நாற்காலி, இரைச்சல். தொட்டியில் நொதித்த பீர் குழாய் வழியே நேராகக் கண்ணாடிக் குவளைக்கு வருகிறது. பெங்களூரில் இன்று யாரும் இதைப் பார்த்து வியப்பதில்லை. காய்ச்சுகிற இடத்திலேயே விற்பதில் வியக்க என்ன இருக்கிறது? இட்லிக் கடையில் இட்லியை அங்கேயேதான் அவிக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரிக் கடைக்கு முன்னோடியான அமெரிக்காவில், 1933-க்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

சட்டத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. 1920-இல் மதுவிலக்கு வருவதற்கு முன்னால் பீர் ஆலைகள்தான் சலூன் என்ற குடிக்கடைகளை ஆட்டிவைத்தன. முன்பணம், மேசை நாற்காலி, உரிமக் கட்டணம் எல்லாம் ஆலை கொடுக்கும். பதிலுக்குக் கடைக்காரர் அந்த ஆலையின் சரக்கை மட்டுமே விற்க வேண்டும், அதையும் நிறைய விற்க வேண்டும். ஒரே தெருவில் நாலைந்து சலூன்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆட்களைக் குடிக்கவைத்தன. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது மாநிலங்கள் இந்த உறவை வெட்டிவிட்டன. காய்ச்சுபவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், மொத்த வியாபாரி கடைக்காரருக்கு விற்க வேண்டும், கடைக்காரர்தான் குடிப்பவருக்கு ஊற்ற வேண்டும். ஒருவர் மற்றவர் வேலையில் தலையிடக் கூடாது.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், ஆனால் பெரிய ஆலைகளுக்கே அது தோதாக அமைந்தது. மொத்த வியாபாரிக்கு லாரி நிறைய, வாரம் தவறாமல் வருகிற சரக்குதான் வேண்டும். சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1970-களின் முடிவில் அந்த நாடு முழுவதிலும் நூறு ஆலைகள்கூட இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மூடப்போன ஆங்கர் ஆலையை 1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கித் தூக்கி நிறுத்தியது ஒரு விதிவிலக்கு. அவர் சலவை இயந்திரம் செய்த மேடாக் குடும்பத்துப் பிள்ளை, நஷ்டத்தைத் தாங்கப் பணம் இருந்தது.

பணம் இல்லாதவர் ஜாக் மெக்காலிஃப். அமெரிக்கக் கடற்படையில் வேலை, ஸ்காட்லாந்தில் பணி. அங்கே குடித்த அடர்ந்த ஏல் வகைகள் ஊர் திரும்பியும் நாக்கை விட்டுப் போகவில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற ஆலையைத் தொடங்கினார். சின்ன ஆலைக்கென்று இயந்திரம் செய்து விற்க அப்போது ஆளில்லை. பால் பண்ணைகள் கழித்துப்போட்ட எஃகுப் பாத்திரங்களையும் பீப்பாய்களையும் தேடிப் பிடித்து, தானே வெட்டி, பற்றவைத்து ஆலையைக் கட்டினார். பீர் பேசப்பட்டது, பத்திரிகைகள் எழுதின. ஆனாலும் 1982-இல் ஆலை மூடப்பட்டது.

இந்தத் தோல்வியில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. பீரில் குறை இல்லை, கணக்கில்தான் குறை. ஆண்டு உற்பத்தி 500 பீப்பாயைக்கூடத் தொடவில்லை (அமெரிக்க பீப்பாய் என்பது சுமார் 117 லிட்டர்). அந்தக் கொஞ்சத்தையும் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, மொத்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பாட்டில் செலவு ஆலைக்கு, லாபத்தின் பெரும்பகுதி இடையில் இருப்பவர்களுக்கு. அதே பீரைக் குவளை குவளையாகத் தன் கையாலேயே விற்றிருந்தால் பாட்டிலும் வேண்டாம், லாரியும் வேண்டாம், சில்லறை விலை முழுவதும் கல்லாவில் விழுந்திருக்கும்.

அதைச் செய்து காட்டியவர் பெர்ட் கிராண்ட், நியூ ஆல்பியன் மூடிய அதே 1982-இல். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பதினாறு வயதிலேயே கனடாவில் பீர் ஆலையில் சேர்ந்தவர். பிறகு பீரில் சேர்க்கும் ஹாப்ஸை விற்கும் நிறுவனம் ஒன்றின் நிபுணராக வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவுக்கு வந்தார். யாகிமா பள்ளத்தாக்கு மழை குறைந்த வறண்ட பூமி, வாய்க்கால் பாசனத்தில்தான் விளைச்சல். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. உயரமான கம்பங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் கொடி ஏறும். பச்சைக் காயைப் பிளந்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் தெரியும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பிசுபிசுவென்று ஒட்டி, எலுமிச்சைத் தோலும் பிசினும் கலந்த வாடை அடிக்கும். பீரின் கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான். அதை வாங்கும் பெரிய ஆலைகளோ ஆண்டுக்காண்டு பீரில் ஹாப்ஸைக் குறைத்துக்கொண்டே வந்தன. கிராண்டுக்கு இது பொறுக்கவில்லை. வெளியே குடிக்கப் போனால் சட்டைப்பையில் ஹாப்ஸ் எண்ணெய்க் குப்பி ஒன்றை எடுத்துப்போய், சப்பென்ற பீரில் சொட்டுவிட்டுக் குடிப்பாராம்.

யாகிமாவின் பழைய ஓபரா அரங்கக் கட்டடத்தில் தொட்டிகளை வைத்தார், அங்கேயே கல்லாவும் போட்டார். மதுவிலக்குக்குப் பிந்தைய அமெரிக்காவின் முதல் புரூபப் (காய்ச்சுகிற இடத்திலேயே விற்கும் கடை) என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். 'முதல்' என்றால் அமெரிக்காவுக்கு முதல். பிரிட்டனில் இந்த வழக்கம் முற்றிலும் அறுந்ததில்லை, கார்ன்வாலின் ஹெல்ஸ்டனில் உள்ள புளூ ஆங்கரில் தலைமுறை தலைமுறையாகக் கடைக்குப் பின்னாலேயே காய்ச்சுகிறார்கள். கிராண்ட் ஸ்காட்லாந்துக் கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு தன் கடையில் உலாவினார். பீரில் இன்னின்ன வைட்டமின்கள் உண்டு என்று சத்துப் பட்டியலே அச்சடித்தார். நடுவண் அரசின் கலால் துறை தலையிட்டு நிறுத்தியது. மது உடம்புக்கு நல்லது என்ற பொருள் வரக் கூடாதாம். இந்த விஷயத்தில் எனக்குக் கலால் துறை பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கலிபோர்னியாவும் சட்டத்தைத் தளர்த்தியது. 1983-இல் ஹேவர்டில் பில் ஓவன்ஸ் என்ற புகைப்படக்காரர் பஃபலோ பில்ஸ் தொடங்கினார். புறநகர் வாழ்க்கையைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர் அவர். அதற்குச் சில வாரங்கள் முன்பே, மெண்டசினோ மாவட்டத்து ஹாப்லேண்ட் என்ற சிற்றூரில் இன்னொரு கடை திறந்திருந்தது. அந்த ஊர் ஒரு காலத்தில் ஹாப்ஸ் விளைந்த ஊர். மூடிப்போன நியூ ஆல்பியனின் தொட்டிகளும் ஈஸ்ட்டும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. மெக்காலிஃபிடம் தொழில் கற்ற டான் பார்க்லி அங்கே தலைமைக் காய்ச்சுநர் ஆனார். அதே பாத்திரம், அதே ஈஸ்ட், அதே கைகள். சொனோமாவில் கட்டுபடியாகாதது ஹாப்லேண்டில் கட்டுபடியானது, ஏனென்றால் இங்கே கல்லா உள்ளேயே இருந்தது.

ஹாப்லேண்ட் கடையை நடத்திய மெண்டசினோ புரூயிங் நிறுவனம் பிறகு பெரிதாக வளரப் பார்த்தது, புதிய ஆலைக்குக் கடன்பட்டது. 1997-இல் அதன் கட்டுப்பாடு விஜய் மல்லையாவின் யுபி குழுமத்திடம் வந்தது. அப்போது கிங்ஃபிஷரின் முதலாளி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டவர். அமெரிக்காவின் ஆரம்பகால புரூபப்களில் ஒன்று அவர் கைக்கு வந்தபோது பெங்களூரில் அப்படி ஒரு கடைகூட இல்லை. கர்நாடகத்தின் கலால் விதி அதற்கு வழிவிடப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. மெண்டசினோ 2018-இல் காய்ச்சுவதை நிறுத்தியது. அதற்குள் பெங்களூர் இந்திராநகரின் புரூபப்களில் சனிக்கிழமை இரவு மேசை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டிருந்தது.