ஒரு ரத்தத்துளி போன வழி

ஜப்பானில் ஆரோக்கியமான ஒருவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அவருடைய விசேஷம் ஒன்றுதான்: அப்பா வழி வந்த எச்.எல்.ஏ. தொகுதியும் அம்மா வழி வந்ததும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. செல்லின் மேல் நிற்கும் இந்த அடையாளப் புரதங்களை வைத்துத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தம் எது, அந்நியம் எது என்று பிரிக்கிறது. நம்மில் பெரும்பாலோரிடம் இரண்டு விதத் தொகுதி இருக்கும். ஒரே விதம் உள்ளவரின் செல்லை, அந்த விதத்தில் ஒன்றாவது வைத்திருக்கும் உடல் அவ்வளவாக எதிர்க்காது. அவருடைய தொகுதி ஜப்பானியரில் சுமார் 17 சதவீதம் பேருக்குப் பொருந்தும்.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமானகா 2007-ல் மனித செல்லில் செய்து காட்டிய முறைப்படி, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அந்த ரத்த அணுக்களைக் கருநிலைக்குத் திருப்பி, திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள். பிறகு ஜுன் தகாஹாஷியின் குழு அவற்றை எடுத்து, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களாக மாறப்போகும் செல்களாக வளர்த்தது. இதில் சலித்தெடுக்கும் வேலைதான் உயிர்நாடி. மாறாத செல் ஒன்று தப்பிவிட்டால் கட்டியாகலாம். சலித்தவை கண்ணுக்குத் தெரியும் சிறு உருண்டைகளாகத் திரண்டன. 2018 அக்டோபரில், பார்க்கின்சன் நோயுள்ள ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் இடது மூளைக்குள் 24 லட்சம் செல்கள் ஊசிவழி இறங்கின.

மூளை அந்நியத்தைக் கண்டுகொள்ளாது என்று வெகுகாலம் நம்பினார்கள். அதே குழு குரங்குகளில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, அடையாளம் பொருந்தினால் அழற்சி குறைந்து கூடுதல் நரம்பணுக்கள் பிழைக்கின்றன என்று காட்டியது. மனிதர்களில் இந்தச் செல்களைப் பெற்ற ஏழு பேருக்கும் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை 15 மாதம் கொடுத்துப் பிறகு நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் முடிவு வந்தது: யாருக்கும் கட்டி இல்லை, பலன் கணக்கிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, வழக்கமான மருந்தின் வேகம் இல்லாத நேரத்திலும் அசைவு தேறியிருந்தது.

அந்தச் செல் தமிழக-ஆந்திர எல்லையிலுள்ள திருத்தணிக்கு வந்தால் எத்தனை பேருக்குப் பொருந்தும்? ஜப்பானில் நான்கே தொகுதிகள் சுமார் நாற்பது சதவீதம் பேருக்குப் போதும். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கி, ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் இந்த எல்லைப்புறத்துக்கு நான்கு போதாது. ஆனால் மலையடிவார மண்டபங்களில் இன்றும் அக்கா மகளைக் கைப்பிடிக்கும் மாமன்கள் உண்டு. அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே தொகுதி இரண்டு பக்கமும் வர எட்டில் ஒரு வாய்ப்பு; அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. அதே கணக்குதான் பரம்பரை நோய்களையும் கொண்டுவருகிறது என்பதால் இந்தக் கல்யாணங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏற்கெனவே பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தத்தைத் தேட வேண்டும் என்கிறேன்.

தேடுவதற்கு ஆளும் அனுபவமும் பக்கத்திலேயே இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றத்தை 1986-லேயே தொடங்கிய வேலூர் சி.எம்.சி., அரக்கோணம் வழியாக ரயிலில் போகும் தூரம்தான். 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி என்ற கொடையாளர் பதிவேடு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவியே எச்.எல்.ஏ. பார்த்துப் பதிகிறது. அப்படி ஒருவர் அகப்பட்டால், அவர் கையெழுத்திடும் தாள் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும்: செல்லை எத்தனை ஆண்டு வைப்பார்கள், யார் மூளைக்குப் போகலாம், யார் விற்கலாம், வேண்டாம் என்று பின்னால் சொன்னால் என்ன ஆகும் என்று நான்கும் அதில் எழுதியிருக்க வேண்டும்.