நீர்க்கட்டிக்குள் ஒரு ரத்த வகை

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் பலருக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும்தான் நினைவுக்கு வரும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் எங்கள் சூளைகளுக்கு வந்து சேர்கிறது. ரத்த வங்கியில் வேலை பார்த்த எனக்கு அந்த வெண்மையைக் கண்டால் குழி வைத்த பீங்கான் தட்டுதான் தோன்றும். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு சீரம் விட்டு, குச்சியால் கலக்கி, தட்டை மெல்ல ஆட்டுவோம். சிவப்பு திரிதிரியாகப் பிரிந்தால் அணுக்கள் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம்.

ஏ, பி, ஓ எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது பி1 என்ற வகை. ஆங்கிலத்தில் ஓ எழுத்துக்கு அடுத்து வரும் பி. 1927இல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் பிலிப் லெவினும் மனித அணுக்களை முயலுக்குச் செலுத்தி, முயலின் சீரத்தைக் கொண்டு இதைப் பிரித்தறிந்தார்கள். பி1 இல்லாத சிலருடைய சீரத்தில் அதற்கு எதிர்ப்பொருள் தானாகவே இருக்கும். பெரும்பாலும் பலவீனமானது, குளிரில்தான் வேலை காட்டும். ரத்தமே ஏற்றிக்கொள்ளாதவருக்கு அது எங்கிருந்து வந்தது?

1957இல் நியூசிலாந்திலிருந்து ஒரு விடை வந்தது. செம்மறியாடுகளின் நாடு அது. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற சின்ன நாடாப்புழுவின் முட்டை, ஆட்டுக்கோ மனிதருக்கோ வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும். ஹைடடிட் கட்டி என்பார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மருத்துவர்கள் நன்றாக அறிந்தது. கேமரன், ஸ்டேவ்லி இருவரும் அந்தக் கட்டி வந்தவர்களில் பி1 இல்லாதவர்களைச் சோதித்தபோது, எதிர்ப்பொருள் வெகு வீரியமாக இருந்தது. கட்டியின் நீரைச் சேர்த்ததும் வீரியம் அடங்கிப்போனது. மனித அணுவின் மேல் இருக்கும் அடையாளம் புழுவிடமும் இருந்திருக்கிறது!

1944இலேயே புவேர்ட்டோ ரீக்கோவில் ஒலிவர்-கொன்சாலஸ், பன்றியின் உருளைப்புழுவிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருள் மனிதச் சீரத்தின் ஒட்டவைக்கும் திறனைத் தடுப்பதைக் காட்டியிருந்தார். நம் நாட்டில் 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட், கொள்ளுச் சாறு ஏ வகை அணுக்களை ஒட்டவைக்கிறது என்று பெங்களூரின் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஏ1, ஏ2 பிரிக்க ரத்த வங்கியில் நாங்கள் எடுக்கும் குப்பியில் இருப்பது அந்தக் கொள்ளின் சத்துதான். அடையாளம் என்பது வெறும் சர்க்கரைச் சங்கிலி. அதைச் செய்யப் புழுவுக்கும் தெரியும், கண்டுகொள்ள விதைக்கும் தெரியும். ரத்தத்தை வைத்துக் குலப்பெருமை பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டீரலில் நீர்க்கட்டி இருந்தால் அறுத்து நாய்க்கு வீசுவதைப் பார்த்திருக்கிறேன். புழுவுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் எரிக்க வேண்டும்.

ரத்த வங்கிகள் அந்தக் கட்டி நீரையே கருவியாக்கிக்கொண்டன. ரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்ச் செய்யும்போது பி1 எதிர்ப்பொருள் குறுக்கே வந்தால், கட்டி நீரால் அதை அடக்கிவிட்டு, பின்னால் மறைந்திருக்கும் ஆபத்தான எதிர்ப்பொருளைத் தேடலாம். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் வால்டர் மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் குழுவினர் 1974இல் பி1-இன் அமைப்பை வெளியிட்டார்கள்: இரண்டு காலக்டோஸ், அடியில் ஒரு என்-அசிட்டைல் குளுக்கோசமின். மனித ரத்த வகைக்கான அந்த விடையை அவர்கள் எடுத்தது செம்மறியாட்டின் நீர்க்கட்டியிலிருந்து. பிற்பாடு புறா முட்டையின் வெள்ளைக்கருவிலும் அதே சர்க்கரை நுனி கிடைத்ததால், கட்டி நீருக்கு அலைய வேண்டியதில்லாமல் போயிற்று.