மைசூர்ப் பிறப்பேடும் இருதய நோயும்

மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை 'மிஷன் ஆஸ்பத்திரி' என்றே நகரமக்கள் வழங்குவர். 1906ஆம் ஆண்டில் தோன்றிய அம்மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவை ஏட்டில் பதியப்பெற்றன. அவ்வேடுகளால் பின்னாளில் விளையவிருந்த பயனை அவற்றை எழுதியவர்கள் அறிந்திரார்.

இங்கிலாந்தின் பழைய பிறப்பேடுகளை ஆராய்ந்த டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவ அறிஞர், எடை குறைந்து பிறந்தோரிடையே இருதய நோயால் நேரும் மரணம் மிகுதி என்று 1989இல் வெளியிட்டார். இது நம் நாட்டிற்கும் பொருந்துமோ என்று அறிய, அவர் குழுவினர் மைசூர் ஏடுகளை நாடினர். 1934க்கும் 1954க்கும் இடையே அங்குப் பிறந்து, அருகிலேயே வாழ்ந்துவந்த 517 பேரைப் பரிசோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். இரண்டரைக் கிலோவோ அதனினும் குறைவாகவோ பிறந்தோரில் நூற்றுக்கு 11 பேரிடமும், 3.1 கிலோவுக்குக் குறையாது பிறந்தோரில் நூற்றுக்கு 3 பேரிடமும் இருதய நோய் காணப்பட்டது.

இவ்வேறுபாடு மெய்யானதா, தற்செயலா? புள்ளியியலார் முதலில், 'இரு சாராரிடையே வேறுபாடே இல்லை' என்று கொள்வர். பிறகு, அவ்வாறாயின் இத்துணை இடைவெளி தற்செயலாக எத்தனை முறை நேரும் என்று கணிப்பர். உதாரணமாக, ஒவ்வொரு சாராரும் 100 பேர் எனக் கொள்வோம். தற்செயலின் வழக்கமான ஊசலாட்டம் நூற்றுக்கு ஏறத்தாழ 3.6, கண்ட இடைவெளியோ 8. ஊசலாட்டத்தின் இருமடங்கை அது விஞ்சுவதால், இருபதில் ஒருமுறை கூடத் தற்செயலாய் நேராது. சாராருக்கு 25 பேரே எனின், ஊசலாட்டம் 7ஐக் கடக்கும். அப்போது அதே இடைவெளி எதையும் மெய்ப்பியாது. விகிதத்தோடு தலைகளின் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். மைசூர் ஆய்விலும், 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடமே இத்தொடர்பு உறுதியாகப் புலப்பட்டது.

கணக்கு தற்செயலை விலக்குமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. ஊர் பெயர்ந்து சென்றோரும், முன்னரே மறைந்தோரும் அந்த 517இல் அடங்கார். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நாம் இதனை எளிதில் உணர்வோம். பிறந்த ஊரின் கணக்கில் நம் பெயர் விடுபட்டுப் போவது நமக்குப் புதிதன்று.

எனினும் ஒரு செய்தி நெஞ்சில் நிற்கிறது. இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாது பிறந்தோருள், கருவுற்ற காலத்தில் தாய் 45 கிலோவுக்கும் குறைந்திருந்தவர்களிடம் நோய் நூற்றுக்கு 20 ஆயிற்று. பிள்ளையின் நலம் பேணுதல் தாயின் உணவுத் தட்டிலிருந்தே தொடங்குகிறது என்று கருதுவதற்கு இஃது இடமளிக்கிறது. நம் இல்லங்களில் கருவுற்ற பெண்கள் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கம் இன்னும் இருக்குமாயின், அதனை இன்றே மாற்றுவோமாக.