பறங்கியர் வழியும் கும்பினியார் வழியும்

ஐரோப்பியர் ஆதிக்கத்தை 'வெள்ளையர் ஆட்சி' என ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவது நம் மேடைகளில் பழகிப்போன வழக்கம். வரலாற்றைச் சற்று நெருங்கி நோக்குவார்க்கு அச்சொல் போதாது. கடல் கடந்து வந்த பேரரசுகள் அனைத்தும் ஒரே முகத்துடன் வரவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியர் நடந்த வழி ஒன்று. ஆங்கிலேயர் நடந்த வழி வேறொன்று. தமிழ் நிலத்தில் போர்த்துகீசியரும் ஆங்கிலக் கும்பினியாரும் நடந்துகொண்ட முறையிலும் அவ்வேறுபாட்டின் சாயலைக் காணலாம். நம் கோயிலையும் தறியையும் மொழியையும் அது தொட்டிருப்பதால், காஞ்சியில் இருந்து எழுதும் எனக்கு அது தொலைதூரச் செய்தியன்று.

ஸ்பானியர் மன்னன் ஆணையோடும் குருமாரோடும் அமெரிக்கா சென்றனர். 1521-இல் அஸ்டெக் தலைநகரை வீழ்த்திக் கோயில்களை இடித்தனர். வென்ற மக்களைக் குடிகளாக்கி, உழைப்பைப் பிழிந்து, ஞானஸ்நானமும் அளித்தனர். அக்கொடுமைகளை அம்பலப்படுத்திய லாஸ் காசாஸும் ஒரு ஸ்பானியத் துறவியே என்பது குறிக்கத்தக்கது. 1607-இல் வர்ஜீனியாவில் கால்வைத்த ஆங்கிலேயரை அனுப்பியதோ பங்குதாரர் கூடிய ஒரு வணிகக் கம்பெனி. அவர்கள் விரும்பியது நிலம். அந்நிலத்தில் வாழ்ந்தோர் அவர்களுக்கு இடையூறு. கிழக்கிந்தியக் கும்பினியின் முதல் ஆளுநரான சர் தாமஸ் ஸ்மைத் என்பவரே அந்த வர்ஜீனியாக் கம்பெனியின் பொருளாளராகவும் இருந்தார். இரண்டு நிறுவனங்களும் ஒரே பட்டறையில் வார்த்தவை எனலாம்.

இனி நம் பக்கம் வருவோம். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒரே மன்னனின் குடைக்கீழ் இருந்தன. ஆகவே, 1619-இல் போர்த்துகீசியப் படை யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது, மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒருவனே அரசன் ஆனான். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. திருகோணமலைக் கோணேசர் கோயிலும் 1620-களில் அவ்வாறே வீழ்ந்தது. மெக்சிகோவில் நடந்ததைத் தமிழர் தம் கண்ணாலேயே கண்டனர் என்று சொன்னால் அது மிகையன்று.

எனினும் இதே பறங்கியர் தமிழைக் கற்றனர். ஆன்மாவைப் பிடிக்க வேண்டுமாயின் அது பேசும் மொழிக்குள் புகவேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி. மெக்சிகோவில் 1539-இல் அச்சகம் நிறுவி, நாவாட்டில் மொழியில் நூல்களை அச்சிட்ட குருமாரின் நெறியும் அதுவே. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக்கி அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ், நம் மொழிக்கு ஓர் இலக்கணம் வரைந்தார். 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் வெளிவந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. பதினாறே பக்கங்கள், ஆயினும் இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது. (சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் நம் வீட்டுக்குள் வந்ததும் இவர்களால்தான். அமெரிக்காவில் விளைந்த மிளகாயையும் இவர்களே கொணர்ந்தனர். மிளகாய் இல்லாத சமையலறையை இன்று நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா?)

ஆனால் அவ்வச்சகங்களில் நம் நூல் ஒன்றேனும் ஏறவில்லை. செபமும் அடியார் வரலாறும் ஏறின. குறளோ சிலம்போ ஏறவில்லை. மொழி அவர்களுக்கு ஒரு தோணி. அதில் ஏற்றிய சரக்கு முழுதும் அவர்களுடையது.

கும்பினியார் வழி வேறு. 1639-இல் பிரான்சிஸ் டே சென்னையைத் தேர்ந்தமைக்கு முதன்மையான காரணம் அவ்வட்டாரத்தில் துணி மலிவாகக் கிடைத்ததே. இன்று பட்டுக்குப் பெயர்பெற்ற தொண்டை நாட்டில் அவர்கள் தேடி வந்தது பட்டன்று, பருத்தி. கோயிலை இடிப்பது அவர்கள் நெறியன்று. கிளைவ் அளித்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி வரதராசப் பெருமாளுக்கு அணியாயிற்று. 1763-இல் ஆற்காட்டு நவாப் காஞ்சியை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையைச் சாகீராக அளித்தார். 1790-களில் அச்சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் கோயில் நிர்வாகத்தில் பெரிதும் ஆர்வம் காட்டினார். 1817-இல் இயற்றிய ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை வருவாய் வாரியத்தின் கைக்குப் போயிற்று.

நல்லூரையும் காஞ்சியையும் அருகருகே வைத்து, ஆங்கிலேயர் சமயப் பொறை மிக்கவர் என்று புகழ்வார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறங்கியன் இடித்த கோயிலைக் கும்பினியான் கணக்கில் எழுதிக்கொண்டான். கருடசேவை நன்கு நடந்தால் ஊர் அமைதியாயிருக்கும். ஊர் அமைதியாயிருந்தால் வரி தவறாது வரும்.

தறியின் கதையே இதற்குச் சான்று. தொடக்க காலத்தில் கும்பினி துணிக்குக் கொடுத்த வெள்ளியிற் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்காவினுடையது. பொட்டோசி மலையில் கட்டாய உழைப்பால் பழங்குடியினர் வெட்டியெடுத்த வெள்ளி ஐரோப்பா வழியாக இக்கரைக்கு வந்து சேர்ந்தது. இங்கிருந்து மணிலாவுக்குச் சென்ற துணியிலும் ஒரு பகுதி பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிகோவில் விலைபோயிற்று. அந்நாளில் நெசவாளர் வணிகரிடம் முன்பணம் வாங்கியே நெய்தனர். ஆனால் அவர்களுக்கு ஓர் உரிமை இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை வேறொருவருக்கு விற்கலாம். வாங்குவோர் பலராதலின் நெய்வோர் தலைநிமிர்ந்து பேரம் பேசினர். கொடுமை மிகுந்தால் தறியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகனே அரசனானபோது அவ்வுரிமை பறிபோயிற்று. கும்பினிக்கு நெய்து முடிக்கும்வரை பிறர்க்கு நெய்யலாகாது என்றாயிற்று. மீறினோர் வாசலில் சேவகர் நின்றனர்.

வர்ஜீனியாவில் மண்ணின் மக்களை விரட்டிய அதே ஆங்கிலேயர் இங்கு நம்மை விரட்டாமைக்குக் காரணமும் இதுவே. அங்கே புகையிலை விளைக்க நிலம் வேண்டியிருந்தது. இங்கே இழையோட்டும் கை வேண்டியிருந்தது. பின்னர் லங்காஷயர் ஆலைத்துணி கப்பலில் வந்தபோது அந்தக் கையும் வேண்டாததாயிற்று.

இரண்டு கண்டங்களையும் ஆங்கிலேயர் தனித்தனியாக எண்ணவும் இல்லை. பாஸ்டனிற் பிறந்து 1687 முதல் 1692 வரை சென்னை ஆளுநராயிருந்த எலிஹு யேல் 1718-இல் கனெக்டிகட் கல்லூரியொன்றுக்கு அனுப்பிய சரக்கில் துணிமூட்டைகளும் இருந்தன. அதை விற்ற தொகை ஏறத்தாழ 562 பவுன். இன்றைய யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் அதனால் வந்தது. 1781-இல் யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் இங்கே தலைமை ஆளுநராக வந்தார்.

மொழி செய்தி என்ன? 1761-இல் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கும்பினியார்க்கு ஓர் அச்சு இயந்திரம் கொள்ளைப் பொருளாகக் கிடைத்தது. தம் வேலைகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்னும் நிபந்தனையுடன் அதை வேப்பேரியிலிருந்த பாப்ரிசியசிடம் ஒப்படைத்தனர். வரி வாங்க மொழி அறிந்த அதிகாரிகள் தேவைப்படவே 1812-இல் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றியது. அச்சூழலில் வளர்ந்த எல்லிஸ் என்னும் அறிஞர், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் நிறுவிக் காட்டினார். கணக்கேட்டிலிருந்து அவ்வளவு பெரிய உண்மை பிறந்ததை மறுப்பது நன்றியன்று.

அதே 1812-இல்தான் திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறியது. 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்து 234 ஆண்டுகள் சென்றிருந்தன. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கியவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர்; பதிப்பித்தவர் தஞ்சை ஞானப்பிரகாசர். அந்நூலின் முகப்பில் சென்னப்பட்டினத்தைக் கும்பினியின் நகரமாக அவர் குறிக்கவில்லை. தொண்டை மண்டலத்து ஊராகவே குறித்திருக்கிறார்.