வெள்ளிக் காசின் தரமும் கருமையும்

மலாயாத் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்றே அழைத்து வந்தனர். சிங்கப்பூரில் இன்றும் அதுவே வழக்கு; மலேசியாவில் ரிங்கிட் என்னும் பெயர் வந்த பின்னரும் பேச்சில் வெள்ளி நிலைத்திருக்கிறது. இப்பெயர் அணிநயத்துக்காக வந்ததன்று. டாலர் என்பது ஒரு காலத்தில் கையில் கனக்கும் வெள்ளிக் காசாகவே இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைக்கப்பெற்ற நேர்த்திக் காசுகளாகவும், உண்டியல் காணிக்கையாகவும் வந்த அத்தகைய காசுகள் பழைய ஆலயப் பெட்டகங்களில் இன்றும் தென்படக்கூடும். அவற்றை எடுத்துப் பார்ப்போர் முதலில் செய்ய நினைப்பது துலக்குவதுதான். அங்கேதான் இழப்பு தொடங்குகிறது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்சிகோ டாலரே பெரிதும் புழங்கியது. 1895-இல் பிரிட்டிஷ் வணிக டாலர் வந்தது. ஒரு பக்கம் சூலம் ஏந்திய பிரிட்டானியா. மறுபக்கம் சீனமும் ஜாவி எழுத்தும். 1903-இல் இக்குடியேற்றங்களுக்கென்றே தனி டாலர் வெளியிடப்பட்டது. பம்பாய் நாணயச் சாலையில் அடிக்கப்பெற்ற அக்காசில் முடி சூடிய ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் உண்டு. எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906-இல் டாலரின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளியின் விலை ஏறியதால், காசை உருக்கினால் அதன் முகமதிப்பைவிட மிகுதியாகக் கிடைக்கும் என்ற நிலை வந்தது. ஆகவே 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் டாலரோ 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. பெயர் ஒன்றாயினும் முதற்காசில் ஏறத்தாழ 24 கிராம் வெள்ளியும், கடைசிக் காசில் எட்டரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவாகவும் இருந்தன. கவசத்துக்கு உருக்கலாமா என ஆராயும் நிருவாகத்தினர் ஆண்டைப் பார்ப்பது நலம்.

காசின் தரம் என்பது முதன்மையாகத் தேய்மானத்தின் அளவே. மேடான இடங்களே முதலில் தேயும். எட்வர்டு காசில் காதருகே உள்ள முடி, புருவம், மகுடத்தின் மணிகள் ஆகியவற்றை உருப்பெருக்கியால் பார்த்தல் வேண்டும். ஆயினும் அங்கே தெளிவில்லை என்ற ஒன்றாலேயே தேய்ந்தது என முடிவு கட்டலாகாது. அச்சு அழுத்தமின்றி விழுந்திருக்கவும் கூடும். அச்சு விழும்போது உலோகம் ஒழுகிப் பரவுவதால் காசின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகின்றன. விளக்கின் கீழ்க் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் அவ்வரிகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழலும். மேட்டிலும் அவ்வொளி ஓடினால் அச்சுக் குறை. மேட்டில் மட்டும் மங்கி நின்றால் தேய்மானம். அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் ஒன்று முதல் எழுபது வரை வகுத்த அளவுகோலே இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. அவர் அதைச் செப்புக் காசுக்காக வகுத்தார் என்பது பலர் மறந்த செய்தி.

இனிக் கருமை. காற்றிலும் தாளிலும் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியுடன் சேர்ந்து மெல்லிய படலமாகிறது. அது மிக மெல்லியதாக இருக்கும்போது, மழைநீரில் மிதக்கும் எண்ணெய்போல், ஒளி பட்டு நிறம் காட்டும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செம்மை, அதன்பின் நீலம்; படலம் தடிக்கத் தடிக்க முடிவில் கருமை. பல்லாண்டுகளாகத் தானே படிந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியாக மாறும். எழுத்துகளின் ஓரங்களில் கைபடாத இடங்களில் ஆழ்ந்திருக்கும். அதனூடே சக்கர ஒளி தெரியும். கந்தகமூட்டியோ சூடுகாட்டியோ அவசரமாக ஏற்றிய நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். தேய்ந்த மேட்டிலும் பள்ளத்திலும் வேறுபாடின்றிப் பளபளக்கும். சில வேளைகளில் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பூசைப் பாத்திரங்களைப் புளியாலும் திருநீற்றாலும் துலக்குவது நம் வீட்டு வழக்கம். பாத்திரத்துக்கு அது தகும். காசில் அதே கை பட்டால் படலத்தோடு நுண்வரிகளும் அழியும். திருநீற்றுத் துகள் மெல்லிய கீறல்களை விட்டுச் செல்லும். கடைகளில் விற்கும் அமிலக் கரைசலும் கருமையை நீக்கும்போது ஒளியையும் சிறிது உண்டுவிடுகிறது. அவ்வாறு வெண்மையான காசு கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம். சேகரிப்பாளர் அதைக் ‘கழுவிய காசு’ என்று கூறி மதிப்பைக் குறைத்துவிடுவர்.

கருமை மட்டுமே உண்மைக்குச் சான்றாகிவிடாது, போலிகளும் கறுக்கும். எடை முதலில், விளிம்பின் வரிகள் அடுத்து, நிறம் கடைசியில் என்பதே பார்க்கும் முறை. மெக்சிகோ, வணிக டாலர்களில் சீன வணிகர் இட்ட சிறு முத்திரைகள் பதிந்திருப்பதுண்டு. தரப்படுத்துவோர் இவற்றைக் குறை என்பர். எனினும் அக்காசு எத்தனை கடைகளில் சோதிக்கப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி.

பெட்டகத்திலுள்ள காசை விளிம்பால் பிடித்து எடுத்து, மென்மையான நெகிழிப் பைகளைத் தவிர்த்து, கந்தகமற்ற தாளுறையில் இட்டு, ஆண்டும் எடையும் பதிவேட்டில் குறித்து வைத்தல் போதும். ஒருமுறை துலக்கிய காசும் ஆண்டுகள் செல்ல மீண்டும் கறுக்கத்தான் செய்யும். அந்தப் புதிய கருமையின் கீழ்ப் பழைய கீறல்கள் அப்படியே தெரியும்.