கையால் பொத்தினால் சரி, கிண்ணத்தால் பொத்தினால் தப்பு!

போன வாரம் நெட்வொர்க்ஸ் லேபில் கேபிள் கிரிம்பிங். எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் அடுக்கி, அந்தக் குட்டி பிளாஸ்டிக் முனைக்குள் நுழைத்து, கிரிம்பிங் டூலை அழுத்திப் பழகுவதற்குள் எனக்கு மூன்று முனைகள் வீணாகிவிட்டன. பக்கத்தில் இருந்த நண்பன் ஒரு கேள்வி கேட்டான்: "ஆர்ஜே 45, ஆர்ஜே 45னு சொல்றோமே, அந்த ஆர்ஜேன்னா என்னடா?"

எனக்குத் தெரியவில்லை. வைவாவில் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். 'ரிஜிஸ்டர்டு ஜாக்', அதாவது பதிவு செய்யப்பட்ட இணைப்பு முனை என்று உடனே தெரிந்துவிட்டது. அதோடு போய்த் தூங்கியிருக்கலாம். ஆனால் யாரிடம் பதிவு செய்தார்கள், எதற்காகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனதில், 1948-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனி போட்ட வழக்கில் போய் நின்றேன். அந்த வழக்கில் சாட்சி சொன்ன இரண்டு பேர் யார் என்று பார்த்தபோது தூக்கமே போய்விட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில், நிபுணர் சாட்சி என்றால் என்ன?

நீதிமன்றத்தில் சாதாரண சாட்சி தான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் சொல்லலாம். "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தாலே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார். ஆனால் ஒரு துறையை ஆழமாகப் படித்தவருக்கு அங்கே சலுகை உண்டு. அவர் சம்பவத்தை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. தன் துறை அறிவை வைத்துக் கருத்துச் சொல்லலாம்.

இங்கிலாந்தில் 1782-ல் நடந்த ஃபோக்ஸ் எதிர் சாட் வழக்கைத்தான் இதற்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். நார்ஃபோக் பகுதியில் வெல்ஸ் என்ற துறைமுகம் மண் மூடிப்போனது. அருகில் கட்டிய கரைதான் காரணமா, இல்லையா? ஜான் ஸ்மீட்டன் என்ற பிரபல பொறியாளரின் கருத்து வெறும் அபிப்பிராயம்தானே, அதை எப்படிச் சாட்சியமாக ஏற்பது என்று கேள்வி வந்தது. ஏற்கலாம் என்று சொன்னவர் மான்ஸ்ஃபீல்டு பிரபு. நம் நாட்டில் 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு இதே விஷயத்தைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 39-வது பிரிவு.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் நிபுணர் தேவைப்பட்டது போலவே டெலிபோன் வந்ததும் கம்பிக்கும் ஒலிக்கும் நிபுணர் தேவைப்பட்டார்கள்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் டெலிபோன் என்றால் பெரும்பாலும் ஏ.டி. அண்ட் டி. நிறுவனமும் அதன் பெல் கம்பெனிகளும்தான். கம்பி அவர்களுடையது, எக்ஸ்சேஞ்ச் அவர்களுடையது. உங்கள் வீட்டு மேஜை மேல் இருக்கும் டெலிபோன்கூட அவர்களுடையதுதான்! நீங்கள் மாத வாடகை கொடுக்கிறீர்கள், அவ்வளவே. கம்பெனி தராத எந்தப் பொருளையும் அந்தக் கருவியோடு இணைக்கக் கூடாது என்று கட்டண விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஹஷ்-ஏ-ஃபோன் என்ற சின்னக் கம்பெனி 1921 முதல் ஒரே ஒரு பொருளை விற்று வந்தது. டெலிபோனில் வாய் வைத்துப் பேசும் பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம். அதற்குள் வாயை வைத்துப் பேசினால் பக்கத்து மேஜைக்காரருக்கு நாம் பேசுவது கேட்காது, அறைச் சத்தமும் லைனுக்குள் போகாது. மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

இதை மாட்டுவது விதிமீறல் என்று டெலிபோன் கம்பெனிகள் வாடிக்கையாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் சொல்ல ஆரம்பித்தன. கம்பெனியின் தலைவர் ஹாரி டட்டில் விடவில்லை. 1948 டிசம்பரில் எஃப்.சி.சி. என்ற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஒரு பக்கம் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, பெல் லேப்ஸ் என்ற ஆராய்ச்சிக் கூடத்தையே சொந்தமாக வைத்திருப்பது. இன்னொரு பக்கம் கிண்ணம் விற்கிற ஒருவர். ஒலியைப் பற்றி பெல் ஆட்கள் ஒன்று சொன்னால், அதை மறுத்துப் பேச யாரைக் கூட்டி வருவது?

டட்டில் கூட்டி வந்த இரண்டு பேர்

ஒருவர் லியோ பெரனெக். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில் மின்-ஒலியியல் ஆய்வகத்தை நடத்தியவர், பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியர். டட்டிலின் கிண்ணத்தை மேம்படுத்தி வடிவமைக்க உதவியவரும் இவரே.

இன்னொருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர். மனித காது எதை எப்படிக் கேட்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர். போர்க்காலத்தில் விமானச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் பேசுவதைப் புரியவைப்பது எப்படி என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. பேச்சலையின் உச்சிகளைக் கண்டபடி வெட்டிவிட்டாலும், கேட்க அசிங்கமாக இருக்குமே தவிர வார்த்தைகள் புரியும் என்று பரிசோதித்துக் காட்டியவர் லிக்லைடர். இந்த வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான அறிவு கிடையாது. ஏனென்றால், ஒலி 'நன்றாக' இருப்பது வேறு, பேச்சு 'புரிவது' வேறு.

விசாரணை 1950-ல் நடந்தது. கிண்ணத்தை மாட்டினால் குரல் தாழ்ந்து, கொஞ்சம் பொந்துக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கிறது என்பது டெலிபோன் கம்பெனியின் வாதம். ஒரு பொருளை அனுமதித்தால் நாளைக்குக் கண்டவன் கண்டதை மாட்டுவான், சேவையின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பது அதன் அடியில் இருந்த கவலை. இந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க முடியாது என்பது என் கருத்து. லைனில் தப்பான மின்னழுத்தத்தை ஏற்றினால் கம்பத்தில் வேலை செய்கிற ஊழியரின் உயிருக்கே ஆபத்து. ஆனால் கிண்ணத்தில் மின்சாரமே இல்லையே!

ஆணையம் யோசித்தது, யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. 1955 டிசம்பரில்தான் இறுதி உத்தரவு வந்தது. புகார் கொடுத்து ஏழு வருடம்! முடிவு: டட்டிலுக்குத் தோல்வி. கிண்ணம் டெலிபோன் சேவைக்குக் கெடுதல் என்றது ஆணையம்.

டட்டில் மேல்முறையீடு செய்தார். 1956 நவம்பர் 8-ம் தேதி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் பேசலான். அவர் கேட்டதன் சாரம் இதுதான்: ஒருவர் கையைக் குவித்து வாயை மறைத்துக்கொண்டு பேசினாலும் இதே விளைவுதானே வருகிறது? கையால் பொத்தலாம், ஆனால் கை எழுதுவதற்கு ஓய்வாக இருக்கட்டும் என்று ஒரு கிண்ணத்தால் பொத்தக் கூடாது என்பது என்ன நியாயம்? பொதுவில் யாருக்கும் கெடுதல் இல்லாமல், தனக்கு நன்மை தருகிற விதத்தில் தன் டெலிபோனைப் பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குரல் கொஞ்சம் மாறுகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. மாறினால் பாதிப்பு பேசுகிற இரண்டு பேருக்கு மட்டும்தான், அதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. "எவ்வளவு குறைகிறது?" என்பது நிபுணர்களுக்கான கேள்வி. "குறைந்தால் யாருக்கு என்ன?" என்பது நீதிபதிக்கான கேள்வி. ஆணையம் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டு இரண்டாவதைக் கோட்டை விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிண்ணத்திலிருந்து மோடம் வரை

அந்தக் கதவு திறந்தது கொஞ்சம்தான். டெக்சாஸில் டாம் கார்ட்டர் என்பவர் எண்ணெய் வயல்களில் வேலை செய்பவர்களுக்காக ஒரு கருவி செய்தார். டெலிபோன் ரிசீவரை அதன் மேல் வைத்தால், இரண்டுவழி ரேடியோவில் இருப்பவரோடு டெலிபோனில் இருப்பவர் பேசலாம். கம்பி எதுவும் இணையாது. பெயர் கார்ட்டர்ஃபோன். 1959-லிருந்து 1966 வரை சுமார் 3,500 விற்றன. அதற்கும் தடை! மறுபடி வழக்கு. 1968 ஜூன் 26-ல் எஃப்.சி.சி. இந்த முறை கிண்ண வழக்கின் கொள்கையையே எடுத்துக்கொண்டு, நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத வெளிக் கருவிகளை மொத்தமாகத் தடுப்பது செல்லாது என்று சொல்லிவிட்டது.

இந்தத் தடையால் யார் கஷ்டப்பட்டார்கள் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளருக்குக் காது கேட்காது. பழைய டெலிபிரிண்டர்களை டெலிபோன் வழியாகப் பேசவைத்தால் காது கேளாதவர்களும் தொலைவில் இருப்பவர்களோடு உரையாடலாம் என்று நினைத்தார். ஆனால் லைனில் நேரடியாக இணைக்க வழியில்லை. அதனால் ரிசீவரை ரப்பர் குழிகளில் பதித்து, ஒலி வழியாகவே தகவலை அனுப்பும் ஒலிப் பிணைப்பியைச் செய்தார். ஆண்டு 1964. பழைய ஆங்கிலப் படங்களில் கம்ப்யூட்டர் பக்கத்தில் ரிசீவரைக் கவிழ்த்து வைப்பார்களே, அதே வகைதான். சட்டம் விடாததால் பிறந்த சுற்றுவழி அது.

1968-க்குப் பிறகும், வெளிக் கருவியை எங்கள் பாதுகாப்புப் பெட்டி வழியாகத்தான் இணைக்க வேண்டும் என்று டெலிபோன் கம்பெனி பிடிவாதம் பிடித்தது. 1970-களின் நடுவில் எஃப்.சி.சி. அதற்கும் முடிவு கட்டியது. கருவியைச் சோதித்துப் பதிவு செய், பிறகு குறிப்பிட்ட வகை ஜாக்கில் யார் வேண்டுமானாலும் செருகலாம். அதுதான் ரிஜிஸ்டர்டு ஜாக்! ஆர்ஜே 11-ன் பூர்வீகம் இதுதான். நாம் லேபில் கிரிம்ப் செய்கிற ஈதர்நெட் முனை, கறாராகப் பார்த்தால் வேறு ஒன்று. டெலிபோன் உலகத்து ஆர்ஜே 45-ன் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1981-ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் நேரடியாகச் சுவர் ஜாக்கில் செருகும்படி வந்தபோது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்

லிக்லைடர் 1962-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று 1963-ல் சக ஆராய்ச்சியாளர்களுக்குக் குறிப்பு எழுதியவர் அவர்தான். பெரனெக் 1948-ல் நண்பர் ரிச்சர்ட் போல்ட்டுடன் ஆரம்பித்த ஒலியியல் கம்பெனிதான் பின்னாளில் பி.பி.என். அந்த பி.பி.என். செய்த ஐ.எம்.பி. என்ற பெட்டிகளை வைத்துத்தான் 1969-ல் ஆர்ப்பாநெட் ஓடத் தொடங்கியது. இன்றைய ரௌட்டர்களுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

அதாவது, ஒரு கிண்ணத்துக்காகச் சாட்சிக் கூண்டில் நின்ற இருவரும் இணையத்தின் தொடக்கத்திலும் நிற்கிறார்கள்! ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. ஆர்ப்பாநெட் ஓடியது ஏ.டி. அண்ட் டி.யிடம் வாடகைக்கு எடுத்த லைன்களில்தான். கிண்ணத் தீர்ப்பு அதற்குத் தேவைப்படவில்லை. அந்தத் தீர்ப்பு உதவியது நம்மைப் போல வீட்டிலிருந்து மோடம் வழியாக உள்ளே வந்தவர்களுக்கு.

நம்மில் சிலர் நாளைக்கு நெட்வொர்க் நிபுணர்களாகி, ஏதாவது வழக்கில் சாட்சி சொல்லப் போகலாம். பணம் ஒரு தரப்பிலிருந்துதான் வரும். பெரனெக்கே தான் உதவி செய்த பொருளுக்காகத்தான் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால் தப்பில்லை. அப்போது நம்மைக் காப்பாற்றுவது, யார் செய்து பார்த்தாலும் அதே விடை தருகிற பரிசோதனை ஒன்றுதான். காசு கொடுத்தவருக்குப் பிடிக்காத எண் வந்தாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். மிச்சத்தை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

இனிமேல் பஸ்ஸில் யாராவது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் பேசினால் டட்டில் ஞாபகம் வரும்.

பி.கு.: வைவாவில் ஆர்ஜே பற்றிக் கேட்கவே இல்லை. சப்நெட் மாஸ்க் கேட்டு மாட்டிவிட்டார்கள் :-)